நாத்தனார் ஊட்டினால் மட்டும்

தையல்காரிக்கு நாத்தனாரைக் கண்டாலே வயிறு எரிந்தது. பக்கவாதத்தில் விழுந்த கணவர், அக்கா ஊட்டினால் சமர்த்தாகச் சாப்பிட்டார். இவள் ஊட்டினால் இருமித் திணறினார், குரலும் கரகரத்தது.

"என் கையில என்ன விஷமா வச்சிருக்கேன்?" என்று அவரிடம் சீறியவள், மறுநாள் கதவோரம் நின்று வேவு பார்த்தாள். நாத்தனார் தம்பியை நன்றாக நிமிர்த்தி உட்காரவைத்தாள். அரை ஸ்பூன் கொடுத்துவிட்டு, தொண்டை ஏறி இறங்கும்வரை பேசாமல் காத்திருந்தாள். இவளோ இதுவரை அவரைத் தலையணையில் சாய்த்துவிட்டு, தையல் மெஷின் வேகத்தில் திணித்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் நாத்தனாரைப் போலவே ஊட்டினாள். ஒரு இருமல்கூட இல்லை. அவளுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

"அப்படியே அக்கா ஊட்டுற மாதிரியே இருக்குடி" என்றார் கணவர், குழறலாக.

"வாயில சோத்த வச்சுக்கிட்டு என்ன பேச்சு? முதல்ல முழுங்குங்க!" என்று கடுகடுத்தாள், அவர் தொண்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்.