சத்தம் வராத போன்

மூன்று வருடத்துக்கு முன்பு, கடலை அறுவடை நேரம். ஆலங்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில், வீட்டிலேயே கணினி வைத்து அனிமேஷன் செய்து பிழைப்பவன் நான். பாம்பு கடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தொண்டு அமைப்புக்காக இரண்டு நிமிடப் படம் செய்திருந்தேன். மறுநாள் காலை அது இணையத்தில் வெளியாக வேண்டும்.

வெளியிடும் முன் நாலு பேரிடம் காட்டிச் சரிபார்ப்பது என் வழக்கம். அன்று அந்த வழக்கத்தையே வெறுத்தேன். என் கணினியில் பச்சையாக இருந்த வயல் அண்ணன் போனில் நீலமாகத் தெரிந்தது. எழுத்து சின்னது என்றார்கள். பெரிதாக்கினால் பாம்பை மறைத்தது. பதிவேற்றிப் பார்த்தால் பாதியில் நின்றது. மனைவியின் தம்பி வேறு, "மச்சான், பாம்புக்கு ஒரு மீசை வச்சுப் பாருங்களேன்" என்றான். தலையில் அடித்துக்கொண்டேன்.

கடைசியாக, பக்கத்துக் கொல்லையில் கடலை பறித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்த பெண்களிடம் போனேன். ஒருவர் தன் போனை நீட்டினார். படத்தை அதற்கு அனுப்பினேன்.

"சத்தம் வராதுங்க. ஸ்பீக்கர் போயி ரொம்ப நாளாச்சு."

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. படத்தில் விளக்கம் சொல்லும் குரலைப் பதிவு செய்யவே இரண்டு நாள் ஆகியிருந்தது. ஊமைப் படமாக இதில் என்னத்தைப் பார்ப்பது என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே நின்றேன்.

அவர் இரண்டு தடவை பார்த்தார். "ஏங்க, கடிபட்ட ஆளு ஆஸ்பத்திரிக்கு நடந்துல்ல போறாரு? நாங்களும் அப்படித்தான் நடந்து போகணுமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடிபட்டவரை நடக்க விடாதீர்கள், தூக்கிச் செல்லுங்கள் என்று குரல் சொல்லிக்கொண்டிருந்த அதே நேரத்தில், என் ஆள் கையை வீசி நடந்துகொண்டிருந்தார். வேலையை மிச்சம் பிடிக்கப் பழைய படம் ஒன்றிலிருந்து எடுத்து ஒட்டிய நடை அது. நாங்கள் எல்லோரும் குரலைக் கேட்டுத் தலையாட்டினோமே தவிர, ஆளைப் பார்க்கவில்லை.

தொண்டு அமைப்பிடம் ஒரு நாள் தவணை கேட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். இரண்டு பேர் கடிபட்டவரைக் கட்டிலோடு தூக்கிப்போய் வண்டியில் ஏற்றுவதாக மாற்றி, அதே போனில் போட்டுக் காட்டினேன். "இப்ப வெளங்குதுங்க" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் கடலை பறிக்கப் போய்விட்டார்.

இன்றைக்கும் எந்தப் படத்தையும் ஒரு தடவையாவது சத்தத்தை நிறுத்திப் பார்க்காமல் வெளியிடுவதில்லை. அன்று எரிச்சலில் அந்தப் போனை வேண்டாம் என்றிருந்தால், எங்கேயோ யாரோ ஒருவர் என் படத்தை நம்பி நடந்திருப்பார் என்கிற பயம் இன்னும் என்னை விடவில்லை.