செவுள் காட்டாத மீன்

சகாயம்மாளுக்கு மனிதர்களைக் கண்டாலே குமட்ட ஆரம்பித்தது நெட்டாம்பாறைக்குப் பஸ் வந்த பிறகுதான். அதற்கு முன் அங்கே குமட்டுகிற அளவுக்கு மனிதர்களே கிடையாது.

எடப்பாடிக்கு மேற்கே காவிரிக் கரையில் பதினேழு குடிசை, ஒரு மாதா கோயில், அவ்வளவுதான் ஊர். ஆண்கள் பரிசலில் போய் வலை வீசுவார்கள். பெண்கள் மீன் கூடையைத் தலையில் ஏற்றி எடப்பாடித் தறிக்காரர் தெருக்களில் விற்று வருவார்கள். அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. மீனை அறுக்கும் முன் செவுளைத் தூக்கி, உள்ளே ரத்தச் சிவப்பு இருப்பதை வாங்குகிறவருக்குக் காட்டியாக வேண்டும். காட்டாமல் அறுத்தவளை மற்ற பெண்கள் பக்கத்தில் உட்கார விட மாட்டார்கள். செவுள் வெளுத்த மீனைச் சொந்தச் சோற்றுக்கும் சேர்க்காமல் தென்னைக்கு உரமாகப் புதைத்துவிடுவார்கள்.

ஐம்பத்தெட்டில் சினிமாக்காரர்கள் வந்தார்கள். பாறைமேல் ஒரு பெண்ணை ஈரச் சேலையோடு நான்கு நாள் ஓடவிட்டுப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். படம் ஓடியதோ என்னவோ, பாறையைப் பார்க்க ஜனம் ஓடி வந்தது. பின்னாலேயே தார் ரோடு, பயணியர் விடுதி, பூங்கா. பூங்கா நடுவே வாயால் தண்ணீர் கக்கும் ஒரு சிமெண்டுக் கொக்கு. ஆற்றில் நிஜக் கொக்குகள் கூட்டம் கூட்டமாக நிற்கும்போது, வந்தவர்களெல்லாம் இந்தச் சிமெண்டுக் கொக்கைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். இதுகளுக்குக் கண் எதற்கு என்று சகாயம்மாள் வாய்விட்டே கேட்டிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கரையில் கால் வைக்க முடியாது. எச்சில் இலை, முட்டை ஓடு, உடைந்த சோடாப் புட்டி. வலை உலர்த்திய பாறை முழுக்கச் சுண்ணாம்பில் யார் யாரோ பெயர்கள். அந்தப் பாறையின் மறைவில் அவர்கள் விட்டுப்போனதைச் சொல்லவே நாக் கூசுகிறது. அதையெல்லாம் முடித்துவிட்டு, ஊர் குடிக்கிற தண்ணீரில் இறங்கிக் கழுவினார்கள்.

அவள் புருஷன் பாக்கியநாதன் வலையைச் சுருட்டிக் கூரை எறவாணத்தில் செருகிவிட்டுப் பரிசலில் ஆட்களை ஏற்றினான். நடு ஆற்றில் கிறுகிறுவென்று சுற்றிக் காட்டுவான். அவர்கள் வீலென்று கத்துவார்கள், சிலர் உள்ளேயே வாந்தி எடுப்பார்கள். கரைக்கு வந்ததும் அதைக் கழுவுவது சகாயம்மாள்.

"ஏனுங்க, மீன் கவுச்சி அடிச்ச பரிசலுங்க இது. இப்ப என்ன நாத்தம்னு கொஞ்சம் மோந்து பாருங்க."

"கவுச்சியா இப்பச் சோறு போடுது? சும்மா கழுவு புள்ள."

சுற்றிச் சுற்றி ஆறாவது வருடம் அவன் இடுப்பு போயிற்று. கட்டிலோடு கிடந்தான். குடும்பத்துக்கு மிஞ்சியது பூங்கா வாசலில், புங்கமரத்தடியில் சகாயம்மாள் போட்டிருந்த மீன் பொரிக்கிற கடை மட்டுந்தான்.

அங்கேயும் அவள் செவுளைக் காட்டாமல் அறுத்ததில்லை. சேலத்திலிருந்து வந்த சீமாட்டிகள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சீ, அதை ஏம்மா காட்டறே?" என்பார்கள். மரியாதையாகக் குந்தி உட்கார்ந்து பார்க்கிறவர் ஒரே ஒருவர்தான், மல்லசமுத்திரத்து விவசாயி மயில்சாமி. வருடம் தவறாமல் ஆடிப்பெருக்குக்கு வருவார். செவுளுக்குள் விரலை விட்டு, மோந்து பார்த்து, தலையாட்டுவார்.

"நீ காட்டுனாத்தான் அம்மிணி எனக்குப் பசியே எடுக்குது."

அந்த ஒரு மனிதருக்காகவே மற்ற மூஞ்சிகளைச் சகித்துக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றும்.

அறுபத்தாறில் ஆற்று மீனையும் பூங்காக் கடைகளையும் சேர்த்துக் குத்தகைக்கு எடுத்தான் சென்னியப்பன். ஆற்றில் பிடித்த மீனெல்லாம் ஐஸ் வைத்து டவுனுக்குப் போயிற்று. கடைகளுக்கு லாரியில் கடல் மீன் வந்து இறங்கியது. தலை இல்லாத மீன். பெட்டியைத் திறந்த சகாயம்மாள் இரண்டடி பின்னால் போனாள்.

"செவுள் எங்கீங்க?"

"தலையக் கழிச்சே வந்துருமுங்க்கா, உங்களுக்கு வேலை மிச்சம். காவேரி மீனுன்னு சொல்லி, மொளகாத்தூளத் தூக்கலாப் போடுங்க. முடியாதுன்னாச் சொல்லிப்போடுங்க, இந்த மரத்தடிக்கு நாலு பேரு காத்துக் கெடக்கறாங்க" என்றான் சென்னியப்பன்.

கட்டிலில் கிடப்பவனை நினைத்தாள். பெட்டியை இழுத்துக்கொண்டாள். உப்பும் புளியும் போட்டு மூன்று தண்ணீரில் அலசினாள். வாடை போகவில்லை. வந்துபோகிற ஜனங்கள் மேல் இருந்த அருவருப்பெல்லாம் இப்போது தன் கையின் மேல் வந்து ஒட்டிக்கொண்டது போலிருந்தது.

ஆடிப்பெருக்கு வந்தது. மயில்சாமி கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள். அவர் காறித் துப்பிவிட்டுப் போகட்டும், கடை போனால் போகட்டும். காலையிலிருந்து அவர் கேட்கப்போகும் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தாள்.

அவர் வந்து குந்தினார். "இன்னிக்குச் செவுளெல்லாம் வேண்டாம் அம்மிணி. இத்தனை வருசமாப் பாத்தாச்சு. உன்ற கை பட்டா அதுவே போதும், போடு."

அவள் காத்திருந்த கேள்வி வரவே இல்லை. இலையில் இரண்டு துண்டு வைத்தாள். அவர் மென்றார். இதோ துப்புவார், இதோ துப்புவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் விரலைச் சப்பினார்.

"இப்படியொரு ருசி இத்தனை வருசத்துல கண்டதில்ல. ஊட்டுக்குப் பத்துத் துண்டு கட்டு, பேரப்புள்ளைங்க திங்கட்டும்."

குழந்தைகள் என்றதும் அவளால் அடக்க முடியவில்லை. "வேண்டாமுங்க சாமி! இது காவேரி மீனில்லீங்க. ஐஸ்ல போட்டு லாரில வந்த கடல் மீனுங்க. கெட்டு நாறுனது. நானே செவுளப் பாக்கலீங்க."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். எது வந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

மயில்சாமி இலையைப் பார்த்தார். அக்கம்பக்கம் யாருக்காவது கேட்டுவிட்டதா என்று பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"காவேரி மீன் கொண்டாறேன்னு சொல்லீட்டு வந்துட்டேன் அம்மிணி. ஊட்டுல யாரு போயிச் செவுளப் பாக்கறாங்க? நல்லாத்தான இருக்குது. பஸ் கெளம்பிரும், சுருக்காக் கட்டு."

சகாயம்மாள் கட்டிக் கொடுத்தாள். மீதிக் காலமும் அதே மரத்தடியில்தான் பொரித்தாள். நல்ல வியாபாரம், நல்ல பெயர். மாதா கோயில் வழக்கப்படி வெள்ளிக்கிழமைகளில் கறி விலக்கி மீன் சமைக்கும் அந்த ஊரில், அவள் வீட்டில் மட்டும் அன்றும் மோர்ச் சோறுதான்.