கின்லாக் ஐயா உருகிப் பாடிய பாட்டு

கிரிசல் லோரிமர் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தால் தறியும் வீடும் மிஞ்சியிருக்கும். ஏன் மூடவில்லை என்பது எனக்கு வெகுகாலம் புரியவில்லை.

டண்டி நகருக்கு வடக்கே, விரிப்புத் துணி நெய்யும் கின்லாக்கின் லினன் ஆலையில் எனக்கும் அவளுக்கும் அடுத்தடுத்த தறி. மாதா கோயில் இல்லாத எங்கள் கிறிஸ்தவ சபையின் பாட்டுக் குழுவிலும் பக்கத்துப் பக்கத்து இடம். பைபிளில் உள்ள சங்கீதப் பாடல்களின் வரிகளை ஒத்திகையில் பாடக்கூடாது என்பது எங்கள் சபையின் வழக்கம். கடவுளின் சொல் தேய்ந்துவிடுமாம்! மெட்டைப் பழக வேறு வரிகள் வேண்டும். கட்டித் தருபவள் கிரிசல். ஆடு, கஞ்சி, தொலைந்த காலுறை என்று கட்டிக்கொண்டிருந்தவள், கின்லாக் தறிகளின் வேகத்தைக் கூட்டி, சிறுமி ஜீனியின் விரல்களைச் சக்கரம் தின்ற வாரம் இதைக் கொண்டுவந்தாள்:

வெள்ளை விரிப்பில் உறங்கும் ஐயா,
மெல்லப் புரளுங்க;
பிள்ளை விரல்கள் ரெண்டு அதிலே
பின்னிக் கிடக்குதுங்க.

குளிர்காலம் முழுக்க அதிலேயே பழகினோம்.

ஒரு ஞாயிறு, பாட்டை எடுத்துக்கொடுக்கும் வாட்டி கெடி எழுந்தார். அவர் ஒரு வரி பாட, சபை திருப்பிப் பாடும், யோசிப்பது வழக்கமில்லை. பழக்கதோஷத்தில் கிரிசலின் வரி வந்துவிட்டது. சபை திருப்பிப் பாடியது. மூப்பர் வரிசையில் கின்லாக்கும் கண்ணை மூடி, உருக்கமாக நான்கு வரியும் பாடினார். பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

மூப்பர்கள் எங்களை விசாரித்தார்கள்.

"யார் கட்டினது?" என்றார் கின்லாக்.

"தெரியாதுங்க ஐயா, ஊர்ல பாடுறதுதான்" என்றார் வாட்டி. அத்துடன் விட்டுவிட எல்லோரும் தயாராக இருந்தார்கள்.

"ஊர்ல யாரும் பாடல. அது என்னுது" என்றாள் கிரிசல்.

தறி போயிற்று. ஆலைக்குச் சொந்தமான வீடும் போயிற்று. விரலைத் தின்ற சக்கரத்தை மட்டும் யாரும் விசாரிக்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்து டண்டியில் ஒரு கச்சேரி. எடின்பரோ இசையமைப்பாளர் ஒருவர் அதே வரிகளுக்குப் புது மெட்டுப் போட்டிருந்தார். அப்போது வேலை பார்த்துவந்த சணல் ஆலையிலிருந்து கிரிசலும் வந்தாள். நிகழ்ச்சித்தாளில், 'இயற்றியவர் தெரியவில்லை.'

எனக்குக் கொதித்தது. "இதுக்காகவாடி அன்னிக்கு என்னுதுன்னு சொன்ன?"

"போடி. அந்தக் கின்லாக் கண்ணை மூடிக்கிட்டு உருகினான் பாரு. அதைப் பாத்தப்புறம் ஊர்ப்பாட்டுன்னு விட்டுக்கொடுக்க முடியுமா?"

மேடையில் பட்டுடுத்திய பெண்மணி ஒவ்வொரு சொல்லாக இழுத்துக்கொண்டிருந்தாள். கிரிசல் என் காதருகே குனிந்தாள்.

"மெட்டு நல்லாத்தான் இருக்கு. தறியும் இவ்வளவு மெதுவா ஓடியிருந்தா ஜீனிக்கு விரல் மிஞ்சியிருக்கும்."