பக்கத்தில் என்ன மரம்?

கத்திரிக்காய் விற்பவரிடம் யாரும் பெயர் தெரியாத செடியைப் பிடுங்கிக்கொண்டு போய் 'இதைத் தின்றால் சாவேனா?' என்று கேட்பதில்லை; காளான் விற்பவளிடம் கேட்கிறார்கள்.

ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் ஷெட் போட்டு சிப்பிக் காளான் வளர்க்கிறேன். வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்குக் காளான் விதையும் கொடுப்பேன். தொழில் அவ்வளவுதான். ஆனால் ஒரு நல்ல மழை பெய்து மூன்று நாள் ஆனால் போதும், ஓசூரில் பாதிப் பேர் கையில் ஒரு குட்டிக் குடையோடு என் வாசலில் நிற்பார்கள். மீதிப் பேர் வாட்ஸ்அப்பில் வருவார்கள். கல்யாணப் பந்தியில் நோய் சொல்லி மறிக்கப்படும் டாக்டர்களே, பஸ்ஸில் பத்திரம் நீட்டிக் கேட்கப்படும் வக்கீல்களே, நாமெல்லாம் ஒரே கட்சி.

கல்லூரியில் தாவரவியல் படித்தபோது எனக்கு உருப்படியாக ஒட்டிக்கொண்ட பாடம் ஒன்றுதான். காளானைப் பார்க்கும் முன் பக்கத்தில் இருக்கும் மரத்தைப் பார்க்க வேண்டும். சில காளான்கள் குறிப்பிட்ட மரத்தின் வேரோடுதான் குடித்தனம் நடத்தும். சில செத்த கட்டையைத் தின்னும். சில கரையான் புற்றில் மட்டுமே வரும். அதனால் யார் வந்தாலும் முதல் கேள்வியாக 'பக்கத்தில் என்ன மரம்?' என்று கேட்பேன். அது காளானின் பெயரைத் தேடத்தான் உதவும். சட்டியில் போடலாமா என்று எந்த மரமும் சொல்லாது. அதற்கு என் பதில் எப்போதும் 'வேண்டாம்'தான். என் வார்த்தையை நம்பிச் சாப்பிட்டு யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம் மழைக்காலம் முழுக்க என்னோடு இருக்கும். அந்தப் பயத்தை மதிக்காத ஒரே மனிதர் சிவலிங்கம்.

நாற்பது மொட்டைத் தலைகள்

சிவலிங்கம் பின்தெருவில் குடியிருக்கிறார். ஒரு கம்பெனியில் லேத் ஆபரேட்டர். தலைமுடி அளவு பிசகினாலும் பீஸைத் தூக்கிப் போடுகிற மனிதர், காளான் என்று வந்தால் மட்டும் கண்ணளவே போதும் என்பார். தானே பறித்த காட்டுக் காளானில் குழம்பு வைத்துச் சாப்பிட வேண்டும், அதற்கு நான் 'சரி' சொல்ல வேண்டும் என்பது அவருடைய ஆசை. மனைவி பார்வதி, மாமியார், இரண்டு பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் அந்த ஆசை என்பதால் என் 'வேண்டாம்' இன்னும் சத்தமாக வரும்.

முதல் மழைக்கே நாற்பது படம் அனுப்பினார். எல்லாம் மேலிருந்து, மூக்கை ஒட்டி எடுத்தவை. இட்லி என்றாலும் நம்பலாம், யாரோ ஒருவருடைய மொட்டைத் தலை என்றாலும் நம்பலாம். போன் போட்டுப் பக்கத்தில் என்ன மரம் என்று கேட்டேன். காளான் பையில் இருக்கிறது, மரம் இல்லை என்றார். மரத்தைப் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"காளானத்தான் மேடம் பறிச்சிட்டு வர முடியும், மரத்தயுமா பறிச்சிட்டு வருவாங்க?"

நல்ல மரம்

அடுத்த வாரம் வந்த படத்தைப் பார்த்து அசந்துபோனேன். பெரிய புளியமரம், அதன் அடியில் நடுநாயகமாக ஒரே ஒரு காளான். மரம் முழுசாகத் தெரிந்தது. மனிதர் திருந்திவிட்டார் என்று சந்தோஷப்பட்டுப் படத்தைப் பெரிதாக்கினேன். காளானின் கால் கத்தியால் வெட்டியது மாதிரி இருந்தது. பின்னால் ஒரு தென்னங்குச்சி முட்டுக் கொடுத்திருந்தது.

இதை எங்கே பறித்தீர்கள் என்று கேட்டேன். கம்பெனி சைக்கிள் ஸ்டாண்டு ஓரம் என்றார். அப்புறம் எதற்குப் புளியமரத்தடிக்கு வந்தது என்றேன். அவர் குரலில் கள்ளம் கொஞ்சமும் இல்லை.

"நீங்கதான மேடம் மரம் கேட்டீங்க, எங்க ஏரியாவுல இருக்கறதுலயே நல்ல மரம் இதாங்க."

மழைக்கு என்ன தண்டனை?

அதே மழைக்காலத்தில் வேறொரு தொழிற்சாலையின் சேஃப்டி ஆபீசர் கூப்பிட்டார். பின்பக்கம் ஏதோ நாறுகிறது, கேஸ் லீக் என்று சைரன் ஊதி முந்நூறு பேரையும் மைதானத்தில் நிறுத்திவிட்டார்கள். லீக்கும் இல்லை, செத்த எலியும் இல்லை. கடைசியில் யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். சுற்றி என்ன மரம் என்று கேட்டேன். மூங்கில் வேலி என்றார். போனிலேயே பாதி புரிந்துவிட்டது. போய்ப் பார்த்தால், மூங்கில் சருகுக்கு நடுவே வெள்ளை வலைப் பாவாடை கட்டிக்கொண்டு நாலு நாற்றக் காளான்கள் ஒய்யாரமாக நின்றன. ஈக்களை வரவழைக்க அவை பூசிக்கொள்ளும் சென்ட் அது.

எல்லோரும் சிரித்தோம். ஆபீசர் மட்டும் சிரிக்காமல் ஒரு படிவத்தை நீட்டினார். மூல காரணம் என்ன, மறுபடி நடக்காமல் தடுக்க என்ன நடவடிக்கை, யார் பொறுப்பு, பொருளைக் கொடுத்த சப்ளையரின் வெண்டர் கோடு என்ன என்று கட்டங்கள். நான் மூல காரணம் என்ற கட்டத்தில் 'மழை' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுப் பேனாவை மறுபடி என் கையில் வைத்தார்.

"மூங்கில்னு மாத்திக்குடுங்க மேடம், மழைக்கு எங்க சிஸ்டத்துல வெண்டர் கோடு இல்ல."

சானமாவில் ஒரு சந்தேகம்

சிவலிங்கத்தின் மாமனார் ஊருக்குச் சானமாவு காட்டு வழியாகத்தான் ரோடு. ஒரு சாயங்காலம் அந்த ரோட்டிலிருந்து சிவலிங்கம் போன் போட்டார். குரல் கிசுகிசுப்பாக இருந்தது. ரோட்டோரம் ஒரு மரத்தடியில் பெரிய பெரிய காளானாக வந்திருக்கிறதாம், பைக்கை நிறுத்தியிருக்கிறாராம். பழக்க தோஷம், நானும் என்ன மரம் என்று கேட்டுத் தொலைத்தேன். அவர் குரல் இன்னும் இறங்கியது.

"மரம் தெரியல மேடம், மரத்துக்கு முன்னால யானை நிக்குது."

சரி என்று யார் சொன்னது?

இப்போது சொல்லப்போவதை நினைத்தால் இன்றும் எனக்குப் பயம்தான். ஒரு சனிக்கிழமை ஷெட்டுக்கு வந்த சிவலிங்கம், பேச்சுவாக்கில், "மரத்தடியில, புத்துல வர்ற பெரிய வெள்ளக் காளான ஊருல சாப்புடுவாங்களா மேடம்?" என்று கேட்டார். நான் பாக்கெட் போடும் மும்முரத்தில், "சாப்பிடுவாங்க" என்றேன். ஊர் வழக்கத்தைச் சொன்னேன். அவர் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

மறுநாள் காலை பார்வதி கூப்பிட்டாள். "அக்கா, நீங்க சரின்னுட்டீங்கன்னு ஒரு பை நெறய கொண்டாந்தாரு. குழம்பு கொதிக்குது. பிள்ளைங்க தட்டு வச்சி உக்காந்திருக்குதுங்க. எதுக்கும் ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னு..." அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அடுப்பை அணை என்று கத்திவிட்டு ஓடினேன். செருப்பு போட்டேனா என்று நினைவில்லை.

மிச்சம் இருந்த ஒரு காளானைத் திருப்பிப் பார்த்தேன். புற்றுக் காளானுக்கு மண்ணுக்குள் நீளமாக ஒரு வால் போகும். இதற்கு வால் இல்லை, அடி உருண்டிருந்தது. குடையின் அடிமடிப்புகளில் பச்சை ஓடியிருந்தது. புல்தரையில் வந்து வயிற்றைப் புரட்டிப்போடும் ஆசாமி. புற்று எங்கே இருந்தது என்று கேட்டேன். கம்பெனி புல்தரையில் ஒரு செம்மண் குவியல் இருந்ததாம், அங்கே மரம் வைத்த தொட்டியில் மிஞ்சிய மண்ணை யாரோ கொட்டியது. எந்தத் தொட்டி, என்ன மரம் என்றேன். ரெண்டாள் உயரம், சூப்பர் மரம் என்றார். எத்தனை வருஷமாக அங்கே நிற்கிறது என்று கேட்டேன்.

"வியாழக்கெழமலேர்ந்து மேடம். கஸ்டமர் ஆடிட் வர்றாங்கன்னு நர்சரியில வாடகைக்கு எடுத்த மரம், நாளைக்கு வண்டி வந்து ஏத்திட்டுப் போயிரும்."

உப்பு பார்த்தவர்

குழம்பைக் குழி தோண்டிப் புதைத்தோம். பிள்ளைகள் வாயில் ஒரு சொட்டு படவில்லை என்று பார்வதி நாலு தடவை சத்தியம் செய்தாள். நான் அவர்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். அப்போதுதான் சிவலிங்கம் மெதுவாகத் தொண்டையைச் செருமி, உப்பு பார்த்ததாகச் சொன்னார். எவ்வளவு என்று கேட்டதற்கு ரெண்டு கரண்டி, காரம் பார்க்க இன்னொரு கரண்டி என்றார்.

மிச்சக் காளானைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு அந்த நிமிஷமே அவரை ஆட்டோவில் ஏற்றினோம். ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆரம்பித்துவிட்டது. ராத்திரி வரை வாந்தியும் பேதியும் போட்டி போட்டன. பயப்பட ஒன்றுமில்லை என்று மறுநாள் காலையில் டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்குத் தண்ணீரே இறங்கியது. மனிதர் டிரிப்ஸோடு வாடிய கீரையாகக் கிடந்தார். அந்த நிலையிலும் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டி, "மேடம், அந்த வேப்பமரத்தடியில வெள்ளையா என்னமோ..." என்று ஆரம்பித்தார். பார்வதி எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். பிறகு என்னிடம் அமைதியாகச் சொன்னாள்.

"அக்கா, இனிமே நீங்க இவருகிட்ட மரம் கேக்காதீங்க, ஒரு நல்ல மரமா பாத்து நானே இவரக் கட்டிப் போட்டுர்றேன்."

இத்தனை வருட அனுபவத்தில் என் கேள்வியில் ஒரே ஒரு திருத்தம் செய்திருக்கிறேன்: பக்கத்தில் என்ன மரம் என்று கேட்கும் முன், அது சொந்த மரமா வாடகை மரமா என்று கேட்டுக்கொள்கிறேன்.