ஆம்பூரில் கறுக்காத வெள்ளி

ஆம்பூர் முனீர் அகமது சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்த சுந்தரமூர்த்தி, வாழ்நாளில் ஒரு சொட்டுக் கள்ளைக்கூட நாக்கில் வைத்தவர் அல்ல. சாராயக் கடை இருக்கும் தெருவழியே போக நேர்ந்தால் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்வார். அப்படிப்பட்ட மனிதர், வெள்ளைக்காரர்கள் குடிப்பதற்கென்று செய்த வெள்ளிச் சாமான்களைப் பன்னிரண்டு வருஷமாக வாங்கிக் குவித்தார் என்றால் யார் நம்புவார்கள்? அவர் மனைவி மீனாம்பாளே நம்பவில்லை. நம்பாமலே பன்னிரண்டு வருஷமும் அவற்றைத் துலக்கினாள்.

பெரிய யுத்தம் முடிந்த வருஷம் அந்தப் பித்துப் பிடித்தது. வேலூரில் ஒரு துரை சீமைக்குத் திரும்பப் போகிறாரென்று பங்களாச் சாமான்களை ஏலம் போட்டார்கள். ஷாப் காரியமாக அந்தப் பக்கம் போன சுந்தரமூர்த்தி, கூட்டத்தில் தலையை நீட்டி, மூக்கு வளைந்த ஒரு வெள்ளிப் புனலோடு வீடு திரும்பினார். பிள்ளைக்கு விளக்கெண்ணெய் புகட்ட வாங்கி வந்திருக்கிறார் என்று மீனாம்பாள் சந்தோஷப்பட்டாள். அவர் பதறிப்போய் அதைப் பிடுங்கிக்கொண்டார். அது துரை வீட்டு மேஜைச் சாமானாம். கசடு சேராமல் திராட்சைச் சாராயத்தை ஜாடியில் இறக்குவதற்காம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வந்த பெருமையை, மகள் பிறந்த அன்றுகூட அவள் கண்டதில்லை.

அதன்பின் எந்தத் துரை கப்பலேறினாலும் சுந்தரமூர்த்தி வீட்டில் ஒரு சாமான் ஏறியது. உடுக்கை மாதிரி இரண்டு பக்கமும் வாய் வைத்த அளவுக் குவளை. வெள்ளிப் பிடி போட்ட தக்கைத் திருகி. பாட்டிலை நிற்கவைக்கும் வட்டத் தட்டு. உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்னக் கிண்ணம். அடியெல்லாம் மொட்டு மொட்டாகப் புடைத்திருக்கும். அதில் கொஞ்சம் ஊற்றி, வெளிச்சத்தில் நிறம் பார்த்து, ருசி பார்த்த பிறகுதான் துரைமார் பாட்டிலை ஒப்புக்கொள்வார்கள் என்று அவர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். ரேழியில் கண்ணாடி அலமாரி வந்தது. சாவி அவர் அரைஞாணில் தொங்கியது. அரிசிப் பானைக்கு மூடி இல்லாத வீட்டில் சாராயச் சாமானுக்குப் பூட்டு.

வெள்ளியை ஆம்பூரில் வைத்துக்கொள்வது லேசான காரியம் அல்ல. சுண்ணாம்புத் தொட்டியில் மயிர் உதிர ஊறும் தோலிலிருந்து கிளம்பும் காற்று, ஊரில் இருக்கும் வெள்ளியையெல்லாம் தேடி வந்து தொடும். காலையில் துலக்கிய கொலுசு அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் மங்கும். ஒரு மாதம் விட்டால் கரிக்கட்டை. அலமாரிக்குள் வைத்தாலும் விடாது. மீனாம்பாள் சனிக்கிழமைதோறும் புளியும் திருநீறும் வைத்துக்கொண்டு, குவளை குவளையாகத் தேய்ப்பாள். விரல் ரேகைகளில் ஏறிய கறுப்பு போகவே போகாது. அவர் ஒரு நாளும் ஒரு சாமானையும் துலக்கியதில்லை. துலக்கி வைத்ததை எடுத்துப் பார்த்து, சீமை வேலைப்பாடு என்று பெருமூச்சு விடுவார்.

ஒருமுறை அந்த ருசிக் கிண்ணத்தை ஷாப்புக்கே எடுத்துப் போனார். பதத் தொட்டியின் ஆவாரம்பட்டைத் தண்ணீரை மேஸ்திரி விரலால் தொட்டு நாக்கில் வைத்துத்தான் துவர்ப்புப் பார்ப்பது வழக்கம். சுந்தரமூர்த்தி கிண்ணத்தில் மொண்டு, சூரியனுக்கு நேரே தூக்கி, ஒரு சுழற்றுச் சுழற்றி, வாய் நிறைய உறிஞ்சினார். துவர்ப்பில் அவர் கன்னம் இரண்டும் உள்ளே ஒட்டிக்கொண்டன. கண்ணில் நீர் வழிந்தது. முனீர் அகமது சாயபு வாசலில் நின்று பார்த்தாராம்.

"இன்னா முன்ஷி, மேஸ்திரிக்கு விரல் இருக்குதே, போதாதா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாராம். கிண்ணத்தில் ஏறிய பட்டைக் கறையை எடுக்க மீனாம்பாளுக்கு மூன்று நாள் ஆயிற்று.

அதைவிட மோசமான கதையும் உண்டு. மகள் அமிர்தவல்லிக்கு எட்டு வயதிருக்கும்போது, நவராத்திரிக்கு அவள் கழுத்தில் ஒரு வெள்ளிச் சங்கிலியை மாட்டி விட்டார். அதில் இலை வடிவத்தில் ஒரு டாலர். டாலரில் இங்கிலீஷ் எழுத்து. துரைசானியின் பெயராக இருக்கும் என்றார். குழந்தை வீடு வீடாகச் சுண்டல் வாங்கி வந்தது. வேலூர் பங்களாவில் ஆயாவாக இருந்து, ஆம்பூரில் வாழ்க்கைப்பட்ட சவுரியம்மாள்தான் மீனாம்பாளைத் தனியே கூப்பிட்டு, "கோவிச்சிக்காதீங்கம்மா. இது பாட்டில் கழுத்துல மாட்றது. உள்ள இன்னா சாராயம்னு தெரியறதுக்கு" என்றாள். மீனாம்பாள் அன்று இரவு சோறு உண்ணவில்லை. சுந்தரமூர்த்தி மட்டும் மூன்று தரம் ரசம் ஊற்றிச் சாப்பிட்டார்.

இத்தனையும் அவள் பொறுத்தாள். தொண்டைக்குள் இருந்த இகழ்ச்சியை மென்று விழுங்கிப் பொறுத்தாள். அமிர்தவல்லிக்குப் பதினாறு நடந்தபோதுதான் பொறுமைக்கு முடிவு வந்தது.

கணியம்பாடியில் நல்ல குடும்பம் ஒன்றிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வேலூரில் வாத்தியார், சாது. பெண்ணைப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. சம்பந்தியம்மாள் நகை நட்டு என்று வாய் திறக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அவர்கள் வீட்டுக்கு வாழ வரும் பெண், தாய்வீட்டு வெள்ளிக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வாசற்படியில் ஊற்றி உள்ளே வரவேண்டும். ஐந்து தலைமுறையாக அப்படித்தான். குடம் இல்லாமல் வந்த மருமகள் கிடையாது.

மீனாம்பாளுக்கு உள்ளம் குளிர்ந்தது. அவள் தாயார் கொடுத்த வெள்ளிக் குடம் துணிப்பெட்டிக்குள் இருந்தது. கழுத்தில் தாயின் பெயர் வெட்டியிருக்கும். மகளுக்கென்று பதினாறு வருஷம் காத்த குடம். தை மாதத்தில் முகூர்த்தம் வைத்தார்கள்.

ஐப்பசி முடியும்போது சுந்தரமூர்த்தி குடத்தை எடுத்தார். அடி நசுங்கியிருக்கிறது, வேலூரில் தட்டிச் சரிசெய்து வருகிறேன் என்று சொன்னார். அவள் நம்பினாள். சாயங்காலம் அவர் திரும்பியபோது கையில் குடம் இல்லை. கோணிப்பைக்குள் ஒரு ஜாடி இருந்தது. நீண்ட மூக்கு, பக்கமெல்லாம் திராட்சைக் குலை, மூடிமேல் கொம்பும் ஆட்டுத்தாடியும் வைத்த ஒரு முகம்.

ஏலச் சாமான் விற்கும் வேலூர் காசி, இதற்குச் சமமாக எதைக் கொடுத்தாலும் தகாது என்றானாம். மூன்று பேர் கேட்டுப் போனார்களாம். இவருக்காகக் குடத்தோடு திருப்தி அடைந்தானாம்.

"பொண்ணு குடத்தயா தூக்கணும்? இத இடுப்புல வெச்சிக்கினு போவட்டும். கணியம்பாடியே வாயப் பொளக்கும்" என்றார் சுந்தரமூர்த்தி.

"மூடிமேல யாரு அது?" என்று கேட்டாள் மீனாம்பாள்.

"சீமையில ஒரு ரிஷி."

பத்து மாதம் சுமந்து பெற்ற பெண், சாராய ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு புக்ககம் புகும் காட்சி அவள் கண்முன் வந்து நின்றது. படியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அழுதாள்; கெஞ்சினாள்; குடத்தைத் திருப்பி வாங்கி வரச் சொல்லி அவர் காலைக்கூடத் தொட்டாள். அவர் ஜாடியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

அடைமழை மூன்று வாரம் பிடித்தது. அந்த மூன்று வாரமும் மீனாம்பாள் எதையும் துலக்கவில்லை. மழைக்காலத்தில் தொட்டி நாற்றம் மேலே போகாமல் ஊருக்குள்ளேயே படுத்துக் கிடக்கும். அலமாரியில் இருந்த குவளை, புனல், கிண்ணம் எல்லாம் கரியாய்ப் போயின. ஜாடி மட்டும் வாங்கி வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே மின்னியது.

சுந்தரமூர்த்தி அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டினார். மற்றது எல்லாம் சாதா வெள்ளி, இது ராஜ வெள்ளி, கறுக்கவே கறுக்காது என்றார். தோல் வாசனையில் முப்பது வருஷம் உழன்ற மனிதருக்குத் தெரியாதது, அந்த நாற்றத்தோடு புளியும் சாம்பலுமாகச் சண்டை போட்டவளுக்குத் தெரிந்தது. ஆம்பூரில் கறுக்காத வெள்ளியை மீனாம்பாள் கண்டதில்லை.

துலக்கவேண்டும் என்று சாவியை வாங்கி, அவள் ஜாடியையும் பாட்டில் கழுத்தில் மாட்டும் வெள்ளிச் சீட்டு ஒன்றையும் முந்தானைக்குள் மறைத்து எடுத்துப் போய்ச் சவுரியம்மாளிடம் கொடுத்தாள். அவள் கணவன் அந்தோணிக்குச் சுண்ணாம்புத் தொட்டியில்தான் வேலை. இரண்டையும் ஒரு பகல் தொட்டிக்கு மேலே கயிற்றில் கட்டித் தொங்கவிடச் சொன்னாள். பொழுது சாயும்போது அந்தோணி கொண்டுவந்து படியில் வைத்தான். சீட்டு அட்டக்கரியாக இருந்தது. ஜாடி புதுமாப்பிள்ளை மாதிரி பளபளத்தது.

"இது வெள்ளியே இல்லம்மா. ஜெர்மன் வெள்ளி. பித்தளைக்கு அக்கா மவன்" என்றான் அந்தோணி.

மறுநாள் காலை மீனாம்பாள் வாழ்க்கையிலேயே முதல் தரமாகத் தனியாக ரயிலேறினாள். காட்பாடியில் இறங்கி, ஜட்கா பிடித்து, விசாரித்து விசாரித்துக் காசியின் கடைக்குப் போனாள். ஜாடியை அவன் முன்னால் வைத்துக் குடத்தைக் கேட்டாள். காசி மரியாதையாக ஸ்டூலை எடுத்துப் போட்டான்.

"அம்மா, நான் வெள்ளின்னு சொன்னேனா? கறுக்காதுன்னுதான் சொன்னேன். வெள்ளின்னு சொன்னவரு உங்க வீட்டுக்காரரு."

"குடம் எங்கே?"

"அது அன்னைக்கே உருக்கறதுக்குப் போய்ட்டுதே."

கடை வாசலில் ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். மீனாம்பாள் அத்தனை பேருக்கும் நடுவே நின்று அழுதாள். கழுத்தில் வெட்டிய அம்மாவின் பெயர் எந்த மூசையில் கரைந்ததோ, யார் வீட்டுப் பெண்ணுக்குக் கொலுசாகப் போயிற்றோ. தை மாதத்துக்கு ஐம்பது நாள்கூட இல்லை. ஜாடியைத் திரும்ப எடுத்துக்கொண்டு ரயிலேறினாள். கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கியபோது விரல் ரேகைகளில் படிந்திருந்த கறுப்பு தெரிந்தது. அந்தக் கறுப்பைத் தந்தது எதுவோ, அதெல்லாம் அசல் வெள்ளி. ஆம்பூர் ஸ்டேஷன் வருவதற்குள் அவள் அழுகை நின்றுவிட்டது.

மறுநாள் அவர் ஷாப்புக்குப் போனவுடன் வேலாயுத ஆசாரியை வரவழைத்தாள். அலமாரிக் கண்ணாடியை அம்மிக் குழவியால் உடைத்தாள். கறுத்ததையெல்லாம் முற்றத்தில் கொட்டினாள். ஆசாரி ஒவ்வொன்றாக உரைத்துப் பார்த்து, அத்தனையும் சுத்தம், குடத்துக்குப் போதும், மிச்சமும் நிற்கும் என்றார். உலை மூட்டினார்கள். புனலின் வளைந்த மூக்கு முதலில் தலை சாய்ந்தது. பாட்டில் சீட்டுகள் சங்கிலியோடு சுருண்டன.

மதியச் சாப்பாட்டுக்கு வந்த சுந்தரமூர்த்தி வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு முற்றத்தில் மண்டியிட்டு விழுந்தார். பெற்ற தாயைச் சிதையில் வைத்தபோது இந்த மனிதர் இவ்வளவு விழவில்லை. ஜாடியின் கதையை அவள் முழுவதும் சொன்னாள். அந்தோணி சொன்னதையும், காசி சொன்னதையும். அவர் காதில் ஏறியதா என்பது தெரியவில்லை. கடைசியாக உலைப் பக்கத்தில் இருந்த ருசிக் கிண்ணத்தின்மேல் கையை வைத்தார்.

"மீனா, இத மட்டும் உட்டுடு."

"எதுக்கு? இன்னாத்த ருசி பாக்கப் போறீங்க?"

பன்னிரண்டு வருஷமாக அந்தக் கேள்வியை அவர் தம்மையே கேட்டுக்கொண்டதில்லை போலிருந்தது. அவள் கிண்ணத்தை அவர் விரலிலிருந்து பிரித்து ஆசாரியிடம் கொடுத்தாள். ஜாடியை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"உங்களுக்கு இது இருக்குது. தொடைக்கக்கூட வேணாம்."

தை பிறந்தது. கணியம்பாடி வீட்டு வாசலில் மேளம் முழங்க, அமிர்தவல்லி இடுப்பில் புதுக் குடத்தோடு நின்றாள். வெயிலில் குடம் கண்ணைப் பறித்தது. சம்பந்தியம்மாள் அதன் வயிற்றைத் தடவிப் பார்த்து, யார் வீட்டுக் குடம் என்று பெண்ணின் தகப்பனாரைத்தான் கேட்டாள்.

பன்னிரண்டு வருஷப் பெருமையும் அந்த மனிதரின் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்திருப்பது மீனாம்பாளுக்குத் தெரிந்தது. துரைமார் பெயர், பங்களாப் பெயர், திராட்சைச் சாராயத்தின் பெயர் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நின்றன. ஒன்றைச் சொன்னாலும் போதும், மகள் படியேற மாட்டாள். மீனாம்பாள் அவரைப் பார்த்தாள். அவர் இரண்டு தரம் வாயைத் திறந்து மூடினார்.

"என் மாமியாரு குடுத்தது" என்றார்.

அமிர்தவல்லி படியில் தண்ணீரை ஊற்றி, வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள். சுந்தரமூர்த்தியின் கண்களிலிருந்து நீர் தாரை தாரையாக வழிந்தது. ஒரே மகளைப் பிரிகிற பாசம் என்று பெண்கள் எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். சம்பந்திக்கே கண் கலங்கிவிட்டது. அவர் பார்வை மகளின் முகத்தில் இல்லை, இடுப்பில் இருந்தது. மீனாம்பாள் ஒருத்திதான் அதைக் கவனித்தாள். முந்தானை நுனியை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"தொடச்சிக்குங்க" என்றாள் மெல்ல. "பொண்ணு பாக்குறா."