கொழுப்பு என்றார்கள்

கல்யாணமான மூன்றாம் வருஷம் என் முகமும் காலும் வீங்கின, குரல் கம்மியது. கடலைக் கொல்லையில் மல்லாட்டை பறிக்கக் குனிந்தால் எழ முடியாது. மாமியார் ஊரெல்லாம், "அவளுக்கு ஒடம்பு பூரா கொழுப்பு. அம்மா வூட்டுக்கே அனுப்பப் போறேன்" என்றார்.

திண்டிவனம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டதற்கெல்லாம் கூட வந்த மாமியாரே பதில் சொன்னார்.

"நீங்க சும்மா இருங்க. அந்தப் பொண்ணு குரலைத்தான் நான் கேக்கணும்."

டாக்டரம்மா என்னைத் தண்ணீர் விழுங்கச் சொல்லிக் கழுத்தைத் தடவினார். நாற்காலியில் மண்டியிடச் சொல்லிக் குதிகாலுக்கு மேல் சுத்தியால் தட்டினார். பாதம் உதறி, மெதுவாகத் திரும்பியது.

"இது கொழுப்பு இல்லம்மா. கழுத்துல தைராய்டு சுரப்பி சரியா வேலை செய்யல, அதான் வீக்கம், கம்மின குரல், பாதமும் மெதுவாத் திரும்புது. மாத்திரை தர்றேன்."

வெளியே வந்ததும் மாமியார், "வியாதிக்காரியத் தலையில கட்டிட்டாங்களே! அம்மா வூட்டுக்கே போ" என்றார்.

கொழுப்பென்றாலும் போ, வியாதியென்றாலும் போ! எனக்குப் பற்றி எரிந்தது. கம்மிய குரலிலேயே சொன்னேன்: "போவ மாட்டேன் அத்தே. இதுக்கு வேணும்னா கொழுப்புன்னு பேரு வச்சுக்குங்க."