ஆட்டக்காரி

2001-ஆம் வருஷம் இருக்கும். நான் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். பேளுக்குறிச்சியைத் தாண்டி, கொல்லிமலைக்கு ரோடு ஏறத் தொடங்கும் இடத்தில் எங்கள் வீடு. அப்பாவுக்கு மிளகு, காப்பிக்கொட்டை வியாபாரம். மலையிலிருந்து வரும் சரக்கை வாங்கி, வீட்டுக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் களத்தில் காயப்போட்டு வெளியூருக்கு அனுப்புவார். கடை பேளுக்குறிச்சி சந்தைக்குப் பக்கத்தில் இருந்தது.

அந்த வருஷம்தான் அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. அப்பாவுக்கு ஏற்கெனவே உண்டு. நாமக்கல் டாக்டர் இரண்டு பேரையும் உட்காரவைத்து, மாத்திரை பாதி வேலைதான் செய்யும், மீதியை உடம்பு செய்ய வேண்டும், தினமும் நடங்கள் என்றார். அப்பா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். அம்மாதான் வாயைத் திறந்தாள்.

"நான் எங்கீங்க டாக்டர் நடக்கறது? சும்மா ரோட்டுல எறங்குனா, அம்மிணி எங்க கெளம்பீட்டீங்கன்னு ஊரே கேக்குமுங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். அப்படியானால் வீட்டிலேயே எல்லோரும் சேர்ந்து செய்கிற மாதிரி ஏதாவது வாங்கிப் போடுங்கள், ஒருத்தர் சோம்பல்பட்டால் இன்னொருத்தர் இழுத்துவிடுவார் என்றார். அப்பாவுக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மா, அண்ணன், நான் எல்லோரும் சேலத்துக்குப் பஸ் ஏறினோம். உடற்பயிற்சிச் சாமான் வாங்கக் குடும்பத்தோடு போன முதல் ஆட்கள் எங்கள் ஊரில் நாங்களாகத்தான் இருக்கும்.

கடைக்காரர் ஒவ்வொன்றாகக் காட்டினார். நின்ற இடத்திலேயே நடக்கிற மெஷின் ஒன்று. அது கரண்டில் ஓடும். எங்கள் ஊர்க் கரண்டில் மிக்ஸியே முக்கி முனகித்தான் சுற்றும், அது கதைக்கு ஆகாது. இடுப்பில் பெல்ட்டை மாட்டினால் வயிற்றைக் குலுக்கிவிடும் மெஷின் ஒன்று. அண்ணன் அதில் ஏறி நின்று பேச, அவன் குரல் ஆடின ஆட்டத்தில் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். கடைசியில் ஓடாத சைக்கிள். அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "இது குடும்பத்தோட பண்ணலாமுங்களா?" என்று கேட்டார். ஒருத்தர் மாற்றி ஒருத்தர் பண்ணலாம் சார் என்றார் கடைக்காரர்.

"அப்ப ஒருத்தர் மிதிக்கோணும், மூணு பேரு வேடிக்கை பாக்கோணும்" என்று அம்மா முணுமுணுத்தாள். அவள் கண் வேறு பக்கம் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் பூப்பந்து கிடந்தது. மஞ்சள் கம்பளி நூலில் செய்த பந்து. பக்கத்தில் அதற்கான மட்டைகள்.

கடைக்காரர், "சின்னப் பசங்க இருக்காங்களாம்மா? ஷட்டில் காக் எடுத்துக்குங்க, இப்ப அதுதான் எல்லாரும் வாங்கறாங்க" என்றார்.

"எங்கூர்ல மலைக்காத்து அடிக்குமுங்க. அந்த இறகு அடுத்த தோட்டத்துக்குப் போயிரும். இது கனம். காத்துக்கு நிக்கும்" என்றாள் அம்மா.

நாங்கள் மூன்று பேரும் அவளையே பார்த்தோம். அம்மா பள்ளிக்கூடத்தில் பூப்பந்து ஆடியவள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பு முடிந்ததும் கல்யாணம். அதற்கு அப்புறம் மட்டையை அவள் தொட்டதில்லை. தொட்டதில்லை என்று சொல்லிக்கொண்டதும் இல்லை.

வலை, மட்டை, பந்து எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தோம். அப்போது மிளகு சீசன் இல்லை. களம் காலியாகக் கிடந்தது. அப்பாவும் அண்ணனும் கம்பு நட்டு வலையைக் கட்டினார்கள். அம்மாவும் நானும் ஒரு பக்கம், அப்பாவும் அண்ணனும் எதிர்ப்பக்கம். தினமும் சாயங்காலம் அப்பா கடையிலிருந்து வந்ததும் ஆட்டம்.

அம்மா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினால், அது நான் அதுவரை பார்த்த அம்மாவே இல்லை. உடம்பு கொஞ்சம் பருமன்தான். ஆனால் பந்து எங்கே வரப்போகிறது என்று அவளுக்கு முன்கூட்டியே தெரியும். ஓடவே மாட்டாள், ஓர் எட்டு வைத்து அங்கே நிற்பாள். அப்பாவைக் களத்தின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் துரத்திவிட்டு, கடைசியில் வலைக்கு அந்தப் பக்கம் மெல்லத் தட்டிவிடுவாள். அப்பா மூச்சு வாங்க இடுப்பில் கைவைத்து நின்று, "அடேங்கப்பா! ஆட்டக்காரிதான் போ புள்ள நீ!" என்பார். அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பாகிவிடும். அந்த வார்த்தைக்காகவே அவள் இன்னொரு ஆட்டம் ஆடுவாள்.

அந்த நாட்களில் எங்கள் வீடு வேறு வீடாக இருந்தது. சாப்பிடும்போதுகூட அண்ணன் தவறவிட்ட பந்தைப் பற்றியே பேச்சு. அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்திருப்பதாக டாக்டரும் சொன்னார். என்ன வாங்கினீர்கள் என்று அவர் கேட்க, பூப்பந்து என்று அப்பா பெருமையாகச் சொன்னார்.

ஒன்றை மட்டும் நாங்கள் யோசிக்கவில்லை. களத்துக்கு மூன்று பக்கமும் சுவர் இருந்தது. ஆனால் மலை ரோடு எங்கள் வீட்டைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறும். முதல் வளைவில் பஸ் கியர் மாற்றி மெதுவாகத் திரும்பும்போது, ஜன்னலோரம் இருப்பவர்களுக்கு எங்கள் களம் தட்டில் வைத்த மாதிரி தெரியும். சாயங்கால பஸ் போகும்போது உள்ளே இருந்து சின்னப் பிள்ளைகள் கை காட்டுவார்கள். ஒரு நாள் யாரோ விசிலடித்தார்கள். அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு அடுத்த பந்தைப் போட்டாள். அவ்வளவுதான்.

அடுத்து வந்த சந்தை நாள் அன்று எனக்குப் பள்ளிக்கூடம் லீவு. அப்பாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு கடைக்குப் போயிருந்தேன். நான் உள்ளே மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வெளியே அப்பாவோடு நாலைந்து வியாபாரிகள் டீ குடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தர், அப்பாவுக்கு ரொம்ப வருஷப் பழக்கம், எங்கள் வீட்டில் அம்மா கையால் எத்தனையோ முறை சாப்பிட்டவர், சாவகாசமாக ஆரம்பித்தார்.

"ஏனுங்க, உங்க ஊட்டு அம்மிணி நல்ல ஆட்டக்காரிங்களாமே? பஸ்ஸு பூராம் அதே பேச்சாக் கெடக்குது!"

ஒரே சிரிப்பு. அதே வார்த்தைதான். அப்பா களத்தில் சொன்னபோது அதில் பந்து இருந்தது, மட்டை இருந்தது. இந்த ஆள் அதை இழுத்துச் சொன்ன தினுசில், கூத்துக்கு ஆடப் போனவளைச் சொல்கிற மாதிரி இருந்தது. எனக்கே உடம்பு கூசியது. இப்போது அப்பா ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். ஆமாங்க, நல்லாத்தான் ஆடுவா, வந்து ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஆள் டீயை வைத்துவிட்டுப் போயிருப்பார்.

அப்பா சொல்லவில்லை. எட்டிப் பார்த்தேன். சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டு, கையிலிருந்த மிளகைப் பிசைந்துகொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஆள் சொன்னது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை.

"அப்பா என்ன கண்ணு சொன்னாரு?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லலம்மா" என்றேன்.

"செரி" என்றாள்.

அன்று சாயங்காலம் அப்பா வந்ததும் நேராகக் களத்துக்குப் போய் வலையை அவிழ்த்தார். கத்தவில்லை, திட்டவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, சண்டை போட்டிருக்கலாம். வலையைச் சுருட்டிக்கொண்டே, "களத்துல மொளகு காயப்போடோணும்" என்றார்.

அம்மா முந்தானையைச் செருகியபடி வாசற்படியில் நின்றிருந்தாள்.

"மொளகு எங்கீங்க?" என்றாள்.

அப்பா கம்பைப் பிடுங்கக் குனிந்தார். சீசனுக்கு இன்னும் பல மாதங்கள் இருந்தன. அம்மா செருகியிருந்த முந்தானையை எடுத்து விட்டுக்கொண்டு உள்ளே போனாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை.

கொஞ்ச நாளில் அப்பா சேலத்துக்குத் தனியாகப் போய் அந்த ஓடாத சைக்கிளை வாங்கி வந்தார். பீரோ இருக்கும் உள் அறையில், ஜன்னலைச் சாத்திவிட்டு அதைப் போட்டார். இனிமேல் எல்லோரும் இதில் மாற்றி மாற்றிச் செய்யலாம், வெயில் இல்லை, காற்று இல்லை, யார் தொந்தரவும் இல்லை என்றார். யார் தொந்தரவும் இல்லை என்பதைச் சொல்லும்போது அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. நான் சில நாள் மிதித்தேன். அண்ணன் சில நாள். அப்பா மட்டும் விடாமல் காலையில் மிதித்தார். அம்மாவை எத்தனையோ முறை ஏறச் சொன்னார்.

"இதுல ஏறி உக்காந்து நான் எங்கீங்க போறது?" என்பாள் அம்மா. சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

அப்புறம் அண்ணன் வேலைக்குப் போனான், எனக்குக் கல்யாணமாகிக் கோயமுத்தூர் வந்துவிட்டேன். அம்மாவின் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. மாத்திரை ஊசியானது. ஒரு நாள் களத்தில் மிளகு கூட்டும்போது காலில் ஏதோ குத்தியிருக்கிறது. அவளுக்குத் தெரியவே இல்லை. தெரிந்தபோது புண் முற்றிவிட்டது. வலது பாதத்தை எடுக்கும்படி ஆகிவிட்டது. ஆட்டம் நின்றதால்தான் கால் போனது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. நானும் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் ஓர் எட்டு வைத்து நின்று பந்தை எடுக்கிற அந்தக் கால்தான் அது என்பது எனக்குத் தெரியும்.

ஆபரேஷன் முடிந்து அம்மா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். அப்பா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, போர்வையில் பள்ளமாகத் தெரிந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று உடைந்துபோய் அழ ஆரம்பித்தார். நான் அப்பா அழுது பார்த்ததே இல்லை.

"நீ எவ்வளவு பெரிய ஆட்டக்காரி புள்ள…" என்றார்.

அம்மா அவரைப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

"அதை அன்னிக்குக் கடையில சொல்லியிருந்தா ஆகாதுங்களா?" என்றாள்.

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இப்போது நான் இருக்கும் குடியிருப்பில் யார் வீட்டுக்கு என்ன மெஷின் வாங்கலாம் என்று அடிக்கடி பேச்சு வரும். எது மடக்கி வைக்கலாம், எதற்கு இடம் கம்மி, எதில் எல்லோரும் சேர்ந்து செய்யலாம் என்று என்னிடமும் கேட்பார்கள். எனக்கு மெஷினைப் பற்றி ஒன்றும் தெரியாது. எதை வேண்டுமானாலும் வாங்குங்கள், ஆனால் உங்கள் வீட்டுப் பெண் ஆடுவதைப் பார்த்து வெளியே ஒருத்தன் இளித்தால் அவனுக்கு என்ன பதில் சொல்வது என்பதைக் கடைக்குப் போவதற்கு முன்பே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்கிறேன். அந்த ஒரு பதில் என் அப்பாவிடம் இல்லாததால்தான், எங்கள் வீட்டின் நல்ல ஆட்டக்காரி ஆடாமலே உட்கார்ந்துவிட்டாள்.